முனிசாமியின் மாடு

கூட்டுறவுச் சங்கத்து ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தவில்லை. "உன் பேரு பாக்கியில நிக்குதுப்பா. பழசு அடையாம புதுசு கெடையாது," என்றார். சின்னதம்பி கம்பியைப் பிடித்தபடி நின்றான். மாடு செத்த கதையைச் சொல்லத்தான் விடியலிலேயே மலையிறங்கி வந்திருந்தான். வழியெல்லாம் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தான். சங்கக் கடனில் வாங்கிய ஜோடியில் ஒன்று சப்பை நோயில் தொடை வீங்கி விழுந்தது, மிச்சமிருந்த ஒற்றை மாட்டை வைத்து ஏர் பூட்ட முடியாமல் போனது, சாமை விதைக்கிற நிலம் பாதிக்குமேல் கரம்பாகக் கிடந்தது, அதனால் தவணை நின்றது. எல்லாம் வரிசையாக இருந்தது. ஜன்னலுக்கு முன்னால் வந்ததும் ஒரு வார்த்தைகூட வாயில் நிற்கவில்லை. பின்னால் நின்றவன் முழங்கையால் இடித்தான். சின்னதம்பி நகர்ந்துகொண்டான்.

போன மாசியில் சந்தை நடுவே தண்டோரா போட்டுப் பாக்கிதாரர் பெயர்களை வாசித்தார்கள். அப்போது அவன் உப்பு வாங்கிக்கொண்டிருந்தான். அப்பன் பெயரோடு சேர்த்து அவன் பெயரைச் சொன்னார்கள். கடைக்காரன் உப்பை அளந்துகொண்டிருந்த கையை நிறுத்தி அவனைப் பார்த்தான். அன்றிலிருந்து சின்னதம்பி சந்தைக்குப் போவதில்லை. புளியோ கடுக்காயோ எது விற்பதானாலும் அவன் மனைவி மங்கம்மாள்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவாள். கடனே வாங்காமல் செத்துப்போன அப்பனையும் சேர்த்துச் சந்தையில் நிற்கவைத்துவிட்டோமே என்று அவன் ஒருமுறை அவளிடம் சொன்னான். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சங்கத்திலிருந்து திரும்புகிற வழியில், ஜீப் ரோடு முடிகிற இடத்து டீக்கடையில்தான் ராஜாக்கண்ணு என்றொரு தரகன் அவனைப் பிடித்தான். டெரிலின் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, மடியில் தோல் பை. யாரும் எதுவும் சொல்லாமலே, "இன்னாண்ணே, பேரு மாட்டிக்கிச்சா?" என்று கேட்டான். டீக்குக் காசும் அவனே கொடுத்தான். "மலைக்காரங்கன்னா இவங்களுக்கு எளக்காரம். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. பேரு கெட்டுப்போச்சுன்னா அத்த எடுத்துட்டு வேற வெச்சிக்க வேண்டியதுதான். மேல எனக்கு ஆள் கீது. எப்பேர்ப்பட்ட பாக்கியா இருந்தாலும் கழுவிடலாம்."

சொன்னபடியே அடுத்த வாரம் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஏறி அவர்கள் ஊருக்கு வந்துவிட்டான். இவ்வளவு தூரம் நடந்து வந்தவனுக்கு மங்கம்மாள் கேவுரு கூழும் வெங்காயமும் கொடுத்தாள். அவன் குடித்துக்கொண்டே விளக்கினான். சின்னதம்பி இறந்துவிட்டதாகச் சங்கத்துக்கு ஒரு காகிதம் போகும். மலைக்கு மறுபக்கம் இருக்கிற வேறொரு சங்கத்தில் முனிசாமி என்ற பெயரில் அவனை உறுப்பினராகச் சேர்த்துவிடலாம். முனிசாமிக்கு எந்தப் பாக்கியும் கிடையாது. அந்தப் பெயரில் புதுக்கடன், புதுமாடு.

"அப்போ பழைய கடன் இன்னா ஆவும்?" என்று கேட்டாள் மங்கம்மாள்.

"ஆளே இல்லாதப்போ கடன் யாருக்குக்கா? பூடும்."

"நாங்க வாங்கினது நெசந்தானே. மாடு வந்துச்சி, ஏர் ஓட்டினோம். நெசத்த எப்பிடி எடுப்பீங்க?"

ராஜாக்கண்ணு சிரித்தான். "அக்கா வெவரமாத்தான் பேசுது," என்றுவிட்டு, அதன்பின் சின்னதம்பியைப் பார்த்தே பேசினான். "செலவ மொதல்லயே குடுத்துடணும்ணே. நாலு கை மாறுற காரியம். ரசீதெல்லாம் இதுக்குக் கெடையாது. இன்னொண்ணு, முடியற வரைக்கும் அந்தச் சங்கத்துப் பக்கம் தலவெச்சிப் படுக்காதீங்க. எழுத்தர்கிட்ட வாயத் தொறந்தீங்க, அத்தோட கெட்டுது."

அவன் இறங்கிப் போன பிறகும் மங்கம்மாளுக்கு அந்தக் கடைசிப் பேச்சுதான் முள்ளாக நின்றது. நல்லது செய்ய வந்தவன் எதற்காக, கடன் கொடுத்தவனிடம் பேசாதே என்கிறான்? வேலை முடியும் முன்னே எதற்குக் காசு? கீழ்நாட்டு வியாபாரிகள் எத்தனையோ பேரைப் பார்த்தவள் அவள். தராசைத் தூக்கும்போதே எவன் கட்டைவிரலை வைக்கிறான் என்று சொல்லிவிடுவாள். இவனிடம் தராசே இல்லை. வெறும் பேச்சை வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"இவன் வாணாய்யா," என்றாள். "சங்கத்துக்கே இன்னொரு தபா போவலாம். நானும் வர்றேன். மாடு செத்துச்சின்னு நான் சொல்றேன்."

சின்னதம்பி வேலிப் படலை இழுத்துச் சாத்தினான். பிறகு, "சந்தையில என் பேர கூவுனப்போ நீ அங்க இருந்தியா?" என்று கேட்டான்.

அவள் இல்லை. 

வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு புளியமரங்களின் வரப்போகிற காய்ப்பையெல்லாம் வியாபாரிக்கு அடிமாட்டு விலைக்கு முன்கூட்டியே விட்டு, அந்தக் காசை ராஜாக்கண்ணுவிடம் கொடுத்தான். எதிலெதிலோ கைநாட்டு வைத்தான். அதற்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு தெளிச்சி வந்ததை மங்கம்மாள் பார்த்தாள். வேலி கட்டும்போதும் விறகு பிளக்கும்போதும் தனக்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் கிட்டே போய்க் கேட்டாள். "முனிசாமி, முனிசாமி" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் வெட்கப்பட்டுச் சிரித்தான். அவன் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

சித்திரையில் மலைக்கு மறுபக்கத்து மாட்டுச் சந்தைக்கு ராஜாக்கண்ணு அவனை அழைத்துப்போனான். புதுச் சங்கத்து அலுவலர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விற்கிறவன் ஒரு செவலை மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். சின்னதம்பி உதட்டைத் தூக்கிப் பல் பார்த்தான். திமிலைத் தடவினான். கழுத்தில் நுகத்தடி பழகிய காய்ப்பு இருந்தது. தன் உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி வைத்தான். மாடு மூச்சு விட்டபடி அசையாமல் நின்றது. அலுவலர் மாட்டின் காதில் சங்கத்துத் தகட்டைக் குத்தினார். கடன் பணம் விற்கிறவன் கைக்கே நேராகப் போகும், அதுதான் வழக்கம். முனிசாமி கைநாட்டு வைத்தான்.

"மாடு ரொம்ப தூரம் நடந்து வந்துக்குது. இன்னிக்கே மலையேத்துனா கால் போயிடும்," என்றான் ராஜாக்கண்ணு. "நீங்க போய்ட்டு எடத்த தயார் பண்ணுங்க. ரெண்டு நாள்ல நானே ஆள் வெச்சி ஓட்டியாறேன்."

சின்னதம்பி கொட்டகைக்குப் புதுச் சாமை வைக்கோல் வேய்ந்தான். பழைய ஒற்றை மாட்டை ஒரு ஓரமாகக் கட்டி, மறு ஓரத்தில் முளையடித்து, பசும்புல் அறுத்துப் போட்டான். புல் வாடியதும் எடுத்துப் பழைய மாட்டுக்குப் போட்டுவிட்டுப் புதிதாக அறுத்து வைத்தான். கோடை மழை இறங்கியது. சுற்றிலும் எல்லோரும் ஏர் பூட்டினார்கள். அவன் மட்டும் பாதை திரும்புகிற பாறைமேல் போய் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் இறங்கிப் போய் டீக்கடையில் விசாரித்தான். ராஜாக்கண்ணு எந்த ஊர்க்காரன் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. மாட்டை விற்றவனையும் யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து, "வர்ற வழியில மாட்டுக்கு ஏதாவது ஆயிருக்கும்," என்றான். மங்கம்மாள் கூழை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். மனசில் இருந்ததைச் சொல்லியிருந்தால் அவன் அன்றைக்கே உடைந்திருப்பான்.

மாடு வரவில்லை. மாட்டைப் பார்க்க ஆள் வந்தது. புதுச் சங்கத்து அலுவலர் தலையாரியோடு மலையேறி வந்து, ஊர் நடுவே நின்று, "இங்க முனிசாமி யாரு?" என்று கேட்டார். அந்தப் பெயரில் ஊரில் யாரும் இல்லை என்று சொல்லி நாலைந்து பேர் சிரித்தார்கள். சின்னதம்பி கொட்டகையிலிருந்து வெளியே வந்தான். பழகிவைத்த பழக்கம். "நான்தாங்க," என்றான்.

"மாடு எங்க?"

சின்னதம்பி கொட்டகையைப் பார்த்தான். அங்கே அவன் அறுத்துப் போட்ட புல் இருந்தது.

"இவன் சின்னதம்பி ஆச்சே சார்," என்றார் தலையாரி. "இன்னாடா இது, எப்போ பேரு மாத்திக்கின?"

அலுவலருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் அவருக்கு விளங்கியது வேறு. மாட்டை விற்றவனும் இவனும் சேர்ந்துகொண்டு சங்கத்தை ஏமாற்றியதாகத்தான் அவர் நினைத்தார். பொய்ப் பெயரில் கடன் வாங்கினால் ஜெயில் என்று ஊர் கேட்கச் சொன்னார். ராஜாக்கண்ணு, தோல் பை, புளிய மரம் என்று மங்கம்மாள் முன்னே வந்து சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "கைநாட்டு யாருது?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் விடிந்தபோது சின்னதம்பி பாயில் இல்லை. குடகுக் காபித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி பக்கத்து ஊருக்கு வந்திருந்தான். அவனோடு போய்விட்டதாக நடுப்பகலில் தெரியவந்தது. மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தில் கொஞ்சத்தைச் சோற்றுப்பானைக்குள் துணியில் முடிந்து வைத்திருந்தான். ஆடி பிறந்ததும் புதுச் சங்கத்து ஆட்கள் ஜப்தி ஆணையோடு வந்து அந்த ஒற்றை மாட்டையும் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

மங்கம்மாள் பழைய சங்கத்துக்குப் போனாள். ஜன்னலில் நிற்காமல் நேராக உள்ளே போனாள். செயலாளர் அமலநாதன் அடிவாரத்துக் கிறித்தவக் குடும்பத்துக்காரர், புதிதாக வந்தவர். நாற்காலியைக் காட்டினார். அவள் தரையில்தான் உட்கார்ந்தாள்.

"உன் வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?"

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. பெண்கள் சொல்வதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "சின்னதம்பிங்க," என்றாள். சொல்லி முடித்ததும் எதையோ கீழே போட்டு உடைத்தது போலிருந்தது.

அவர் பதிவேட்டில் தேடி, அதற்குள்ளிருந்து ஒரு காகிதத்தை உருவினார். "அவர் செத்துட்டாருன்னு இங்க சீட்டு வந்திருக்கேம்மா. சீல் போட்டு வந்திருக்கு."

"சீல் பொய்யிங்க. குடகுல கீறாரு."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்போலத் தயங்கி, "மாடு நோயில செத்துதுன்னு மாட்டு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக் குடுத்திருந்தா தவணைய தள்ளி வெச்சிருப்போம்மா. வட்டியும் கொறஞ்சிருக்கும். அதுக்கு ஒரு காசு செலவில்ல," என்றார்.

"யாரும் சொல்லலீங்களே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க." சொன்ன பிறகு அவருக்கே அது சரியாகப் படவில்லை போலிருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி, இப்போ புகார் எழுதலாம். ஏமாத்திட்டாங்கன்னு போலீசுக்கும் எழுதலாம். ஆனா அவரே நேர்ல வரணும். உயிரோட கீறேன்னு அவர்தான் காட்டணும்."

குடகுக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லியனுப்பினாள். ஜெயில் இல்லை, பயப்படாமல் வா, இங்கே ஒரு நல்ல மனுஷன் இருக்கிறார் என்று. முதலில் ஒரு பதிலும் வரவில்லை. பிறகு காய்ச்சலோடு திரும்பி வந்த ஒருவன் வந்து சொன்னான். முன்பணம் தீராமல் மேஸ்திரி விடமாட்டான், அது தீருகிற மாதிரியும் தெரியவில்லை. போகிறதுக்கு முன் இன்னொன்றும் சொன்னான். "அங்க அவரு பேரு முனிசாமிக்கா. அப்பிடித்தான் சொல்லிச் சேந்துகிறாரு. நான் சின்னதம்பின்னு கூப்ட்டேன். திரும்பிக்கூட பாக்கல."

அந்த மழைக்காலத்தில் இன்னொருவன் மலையேறி வந்தான். வேறு ஆள், வயசானவன், பேச்சு மென்மையானது. அவள் வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டானாம். இரண்டு கடனையும் ஒரே காகிதத்தில் அடித்துவிடலாமாம்.

"காசு எப்போ தரணும்?" என்று கேட்டாள்.

"மொதல்ல கொஞ்சம் குடுத்தா போதும்மா."

"செயலாளர் அய்யாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத் தர்றேன்."

"அய்யய்யோ, அங்க மட்டும் போயிடாத."

அவள் எழுந்து நின்று பாதையைக் காட்டினாள். கத்தவில்லை, திட்டவில்லை. அவன் குடையை எடுத்துக்கொண்டு இறங்கி, மேட்டைச் சுற்றி, தீர்த்தகிரி வீட்டுக்குப் போனான். தீர்த்தகிரி சின்னதம்பிக்குப் பெரியப்பன் மகன். அவன் பெயரும் சந்தையில் வாசித்த பெயர்களில் ஒன்று. மங்கம்மாள் வேலியோரமாகவே ஓடினாள். வந்தவனுக்கு அங்கே கட்டில் போட்டாகிவிட்டது.

"மாமா, வாணாம். இதே பேச்சுதான் அவனும் பேசினான். காசு மொதல்ல கேக்குறான், சங்கத்துக்குப் போவாதேங்கறான். நான் கூட வர்றேன், அமலநாதன் அய்யாவப் பாக்கலாம். உங்களுதுக்கு இன்னும் வழி கீது."

தீர்த்தகிரி அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை அதில். சோர்வுதான் இருந்தது. "உனக்கு ஆவலன்னா எனக்கும் ஆவக்கூடாதா மங்கா?" என்றான்.

 தீர்த்தகிரியின் மனைவி உள்ளிருந்து பலாச்சுளைகளைத் தட்டில் வைத்து எடுத்து வந்தாள்.

மங்கம்மாள் தன் நிலத்துக்குத் திரும்பினாள். மாடில்லாததால் மண்வெட்டியால் கொத்தித்தான் விதைக்க வேண்டியிருந்தது. சரிவின் மேல்பக்கம் ஒரு கட்டில் அகலத்துக்குக் கொத்தி முடித்திருந்தாள். மிச்சமெல்லாம் முழங்கால் உயரத்துக்குக் களை. மடியிலிருந்த சாமையை அந்தக் கீற்றில் தூவினாள். மண்ணை இழுத்து மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு சரிவில் இறங்க ஆரம்பித்தது. அவள் குந்தி உட்கார்ந்து, விதை விழுந்த இடத்தில் இரண்டு கைகளையும் விரித்து மண்ணோடு அழுத்திக்கொண்டாள். விரல்களுக்கு இடையே சிவப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே சந்தைக்குப் போகிற பாதையில் குடை ஒன்று முன்னால் போக, அதன் பின்னால் தீர்த்தகிரி தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு இரண்டு ஆடுகளை இழுத்தபடி இறங்கிக்கொண்டிருந்தான்.