கிழக்குச் சுவர்

வெயில் ஏறுவதற்குள் உப்புப் பாத்தியை வாரி முடித்துவிட வேண்டும். ஏறிவிட்டால் உப்பின் வெள்ளை கண்ணைக் குத்தும், கால் வெடிப்பில் உப்புத்தண்ணி புகுந்து உயிரை எடுக்கும். விருத்தாம்பாள் பலகையை இழுத்து இழுத்து உப்பை வரப்போரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். முத்தம்மாள் அதைக் கூடையில் அள்ளி மேட்டில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

"இன்னாக்கா, இன்னிக்கி இந்த இழு இழுக்கற? பேய் கீய் புடிச்சிடுச்சா?"

"மதியானம் அருள்மொழி வருதில்ல. இன்னிக்கி என்னத்தான் போர்டுல எழுதச் சொல்லியிருக்குது. உனுக்கென்ன, பின்னாடி குந்திக்கினு வெத்தல போடுவ."

முத்தம்மாள் சிரித்துக்கொண்டே அடுத்த கூடையைத் தூக்கினாள்.

அந்த மதிய வகுப்பு சும்மா வந்ததில்லை. முன்பு ஊருக்குள் அரசாங்கத்தின் வளர்கல்வி மையம் ஒன்று இருந்தது. ராத்திரி ஏழு மணிக்கு வகுப்பு. கோழி கூவும் முன்னே எழுந்து உப்பளத்துக்கு ஓடுகிறவளுக்கு ஏழு மணிக்குக் கண் எங்கே நிற்கும்? பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்கள் சுவரில் சாய்ந்து தூங்கினார்கள். பார்வையிட வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, இந்த ஊர்ப் பெண்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று எழுதிவிட்டுப் போனார். மையத்துக்குப் பூட்டு விழுந்தது. நேரத்தை மாற்றிப் பார்க்கலாமே என்று அத்தனை படித்தவர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது அருள்மொழிக்குத்தான். பிளஸ் டூ படித்துவிட்டு கடலை விட்டுத் தள்ளியிருந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், அந்த மையத்தில் பாடம் சொன்னவள். "அளத்து வேல முடிஞ்சதும் அங்கியே குந்திக்கலாமாக்கா?" என்று கேட்டாள். ரோட்டோரம் முதலாளியின் சாக்குக் கொட்டகை இருந்தது. ஓலைக்கூரை, நாலு பக்கமும் செங்கல் சுவர். உச்சி சாய்ந்ததும் அதன் கிழக்குச் சுவர்ப் பக்கம் நிழல் விழும். அந்தப் பொட்டல்வெளியில் மதியத்தில் நிழல் என்று சொல்ல அது ஒன்றுதான் உண்டு. பெண்கள் கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அம்மியில் அரைத்து, சுவரில் தேய்த்துத் தேய்த்துக் கரும்பலகை செய்தார்கள். கை கறுத்துப்போய், சோறு தின்னும்போது ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டார்கள்.

முதல் நாள் அருள்மொழி அ எழுதப் போனபோது விருத்தாம்பாள் தடுத்துவிட்டாள்.

"ஆனா ஆவன்னாலாம் அப்புறம் ஆவட்டும். மொதல்ல கண்ணு, காது ரெண்டும் எப்டி இருக்கும்னு காட்டு."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவள் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் ஊருக்கே தெரியும். அவள் புருஷன் இருசப்பனுக்கு உப்பு வெளிச்சத்தில் ஒரு கண் பொங்கி, அதே சமயம் காதிலும் சீழ் வைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரே அளவில் இரண்டு சொட்டு மருந்துக் குப்பி கொடுத்தார்கள். நர்சம்மா நல்ல மனசோடுதான் ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, கண், காது என்று பேனாவால் எழுதிக் கொடுத்தாள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், காதுக்கு உள்ளதை விருத்தாம்பாள் கண்ணில் விட்டுவிட்டாள். அவன் துடிதுடித்துப் போனான். அந்தக் கண் பால் மாதிரி வெளுத்துப்போனது. "எழுதிக் குடுத்தும் மாத்தி ஊத்திருக்கியே, இதக்கூடப் படிக்கத் தெரியாதா?" என்று டாக்டர் கத்தினார்.

கரும்பலகையின் மேல் மூலையில் அருள்மொழி அந்த இரண்டு வார்த்தைகளையும் எழுதினாள். மற்றதையெல்லாம் தினம் அழித்து எழுதுவார்கள். அந்த மூலையை மட்டும் யாரும் தொடமாட்டார்கள்.

போன வாரம் எம்.பி. தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வேட்பாளர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் ஜீப்பை விட்டு இறங்கவேயில்லை.

"எங்க ஆட்சியில ஊருக்கு ஊரு கல்வி மையம் தொறந்தோம். நீங்க வந்து குந்தினாத்தானே?" என்று மைக்கில் சொன்னார்.

"ராத்திரியில வெச்சா எப்டிங்கய்யா வர்றது? மதியானத்துல வையுங்க," என்றாள் விருத்தாம்பாள்.

"அதெல்லாம் மேலேர்ந்து வர்ற ரூல்ஸும்மா." ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் வந்த வேட்பாளர் வேறு மாதிரி. உள்ளூர்க் கிளைச் செயலாளர் மணிவண்ணன் கூட வர, வெள்ளை வேட்டியில் சேறு பட்டதைக்கூடப் பார்க்காமல் சுவர் வரைக்கும் நடந்து வந்தார். கரும்பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். நீங்களே செஞ்சதா என்று கேட்டார். தரையிலேயே உட்கார்ந்தார். விருத்தாம்பாளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. ராத்திரி வகுப்பு, தூக்கம், அதிகாரி, புருஷன் கண் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் உச்சுக் கொட்டினார்.

"எங்களுக்கு வேற எதுவும் வேணாங்கய்யா. மதியானத்துல ஒரு வகுப்பு. இந்த எடத்த எங்களுக்கு விட்டா போதும்."

அவர் எழுந்து சுவரைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். "மணி, எழுதிக்க," என்றார்.

அன்று சாயங்காலம் விருத்தாம்பாள் இருசப்பனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "இந்த ஆளு காது குடுத்துக் கேட்டாருய்யா. நம்ம ஓட்டு இவருக்குத்தான்."

இன்றைக்குப் பாத்தி வாரி, உப்பை மேடேற்றி முடிக்க உச்சி சாய்ந்துவிட்டது. கைகால் கழுவிக்கொண்டு, பெண்கள் உப்பு மேட்டைச் சுற்றிக் கொட்டகைப் பக்கம் வந்தார்கள். சுண்ணாம்பு வாசனை வந்தது. விருத்தாம்பாள் முதலில் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். காலையிலிருந்து வெள்ளையைப் பார்த்துப் பார்த்து, இதுவும் வெள்ளையாகத் தெரிகிறதோ என்று நினைத்தாள்.

சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தது. காலை வெயிலில் அது காய்ந்தும் போயிருந்தது. ஏணியில் நின்று ஒரு ஆள் நீல பெயிண்டில் எழுதிக்கொண்டிருந்தான். அருள்மொழி சாக்பீஸ் டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அவள் அழுதிருந்தாள்.

"யாரக் கேட்டுடா அடிச்சீங்க?" என்றாள் விருத்தாம்பாள்.

மணிவண்ணன் ஏணியைப் பிடித்திருந்தான். "அக்கா, கோவப்படாதீங்க. உங்க கோரிக்கதான்க்கா இது. தலைவரு அன்னிக்கே எழுதிக்கச் சொன்னாருல்ல?"

"எங்க போர்டு எங்கடா?"

"எலெக்சன் முடியட்டும்க்கா. ஜெயிச்சா பெரிய போர்டே வாங்கிடலாம். அதுவரைக்கும் பின்னாடி செவுத்துல எழுதிக்கறது."

"அந்தச் செவுரு வெயில்ல வேகுது. அங்க ஒங்க தலைவரு ஒரு நாழி குந்தி எழுந்திருப்பாரா? அப்போ அதுல எழுத வேண்டியதுதானே ஒங்க விளம்பரத்த?"

"ரோட்டுல போறவனுக்கு அது தெரியாதேக்கா," என்றான் மணிவண்ணன். சொல்லிவிட்டு அவனே தலையைத் திருப்பிக்கொண்டான்.

கொட்டகைக்குள்ளிருந்து மேஸ்திரி பலராமன் வெளியே வந்தான். "செவுரு மொதலாளியோடது. அவரு சரின்னுட்டாரு. இதுல உனுக்கென்ன பேச்சு? நாளைக்கி வேலைக்கி வரணுமில்ல?"

முத்தம்மாள் விருத்தாம்பாளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். விருத்தாம்பாள் அதை உதறினாள்.

"என் புருசன் கண்ணு போன கதைய அந்தாளுகிட்டச் சொன்னனே. வாய் தொறந்து எவங்கிட்டயும் சொல்லாதத சொன்னனே. அதையும் எழுதிக்கினீங்களா? அத எந்தச் செவுத்துல எழுதப் போறீங்க?"

ஏணியில் நின்றவனின் கை ஒரு கணம் நின்றது. மணிவண்ணன் கீழேயிருந்து, "நீ எழுதுப்பா," என்றான். அவன் கடைசி எழுத்தை முடித்துவிட்டு இறங்கினான். ஏணி, டப்பா, பிரஷ் எல்லாவற்றையும் மினி வேனில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். பலராமன் உள்ளே போய்விட்டான்.

நிழல் வழக்கம்போலச் சுவரை ஒட்டி விழுந்தது. போக வேறு இடமில்லாததால் பெண்கள் அதில் உட்கார்ந்தார்கள். இருசப்பன் கூழ்த் தூக்கோடு வந்து சேர்ந்தான். வெயிலுக்குக் கையை நெற்றியில் குடையாக வைத்திருந்தான்.

"இன்னா எழுதிருக்குது?" என்று கேட்டான்.

விருத்தாம்பாள் சுவரைப் பார்த்தாள். முதல் எழுத்து அவளுக்கு நன்றாகத் தெரிந்த எழுத்துதான். கண்ணுக்கும் காதுக்கும் வருகிற க. அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தாள். அருள்மொழி உதவிக்கு வாய் திறந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"க... ல்... லா... மை. கல்லாமை. இல்... லாத. தொகு... தி." மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரிக்கு வந்தாள். "முதியோர் கல்... விக்கே முத... லிடம். வாக்... களிப்... பீர்."

அவள் வாழ்நாளில் முழுசாகப் படித்த முதல் வாக்கியம் அது. முத்தம்மாள் தரையில் காறித் துப்பினாள்.

விருத்தாம்பாள் எழுந்தாள். அருள்மொழியின் டப்பாவிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு, பழைய மேல் மூலை இருந்த இடத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்தாள். நீல எழுத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், நுனிக்காலில் நின்று எழுத ஆரம்பித்தாள்.

இருசப்பன் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டத்தில் வந்தான். இருக்கிற கண்ணைக் கசக்கிவிட்டுக்கொண்டு சுவரை உற்றுப் பார்த்தான். மறுபடி கசக்கினான்.

"இன்னாடி எழுதற? எனுக்கு ஒண்ணும் தெரியலியே." அவன் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தான். "இந்தக் கண்ணும் போச்சா?"

"உன் கண்ணுக்கு ஒண்ணுமில்ல," என்றாள்.

வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சாக்பீஸ் கரைந்துகொண்டே போனது. நகம் சுண்ணாம்பில் உரசும்வரை அவள் அழுத்தி அழுத்தி எழுதினாள், கண், காது என்று.