முதலை பார்க்கப் போன சனிக்கிழமை

டெக்சாஸ் மாநிலத்தில் தமிழ் இன்னும் உயிரோடு இருப்பதற்கு ஒரே காரணம் மணியன். இதை மணியனே பலமுறை சொல்லியிருக்கிறான். மறுத்துப் பேச ஹூஸ்டனில் ஆள் இல்லை. அவன் சொல்லும்போதெல்லாம் மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

தமிழைக் காப்பாற்ற அவன் கண்டுபிடித்த வழி எளிமையானது. பத்து வயது மகள் வான்மதி ஆங்கிலத்தில் பேசினால் அவனுக்குக் காது கேட்காது. குளியல் தொட்டி நிரம்பி வழிகிறது என்று அவள் ஒருநாள் ஆங்கிலத்தில் வந்து சொன்னாள். நாலு தடவை சொன்னாள். மணியன் டி.வி.யில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கீழ்வீட்டு வெள்ளைக்கார அம்மாள் தன் கூரை ஒழுகுகிறது என்று கதவைத் தட்டினாள். அவளும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அவள் சொன்னது மட்டும் மணியனுக்குக் காதில் விழுந்தது.

வான்மதிக்குத் தமிழ் முழுக்கப் புரியும், வாயில்தான் வராது. ஆகவே அப்பாவிடம் சொல்லவேண்டியதையெல்லாம் அம்மாவிடம் சொல்லத் தொடங்கினாள். பவளம் அதைத் தமிழாக்கி மணியனிடம் சேர்ப்பாள். வீடு ஒரு சின்ன ஐ.நா. சபை மாதிரி மரியாதையாக, யாருக்கும் பெரிய பிரயோசனம் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

அதே அபார்ட்மெண்டில் இருந்த நாகர்கோவில்காரர் சத்தியசீலன் தன் பையன்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். "டோன்ட் ரன்னு டா, ஃபாலிங் டவுன் டா" என்று அவர் நீச்சல்குளத்தருகே கத்தியதை மணியன் மூன்று பிறந்தநாள் பார்ட்டிகளில் நடித்துக் காட்டினான். மூன்றிலும் கைதட்டல் கிடைத்தது. "பெத்த புள்ளைகிட்டயே ஒடஞ்ச இங்கிலீஷ் பேசி, அதுககிட்டயே திருத்தம் வாங்கறதுக்கு, மனுசன் மீசையை மழிச்சுட்டுப் போயிரலாம்" என்று முடிப்பான். சத்தியசீலனும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அவருக்கு மீசை கிடையாது.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. மணியன் வேலை பார்த்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியதில் கிரீன் கார்டு விண்ணப்பம் செத்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆனால் ஆறு வருட விசா மே மாதக் கடைசியோடு தீர்கிறது. மிகவும் மரியாதையான கடிதம். வருத்தம் இரண்டு இடங்களில் தெரிவிக்கப்பட்டிருந்தது.

அன்றிலிருந்து மணியனுக்கு உடம்பு முழுக்கப் பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டது மாதிரி இருந்தது. குழம்பில் உப்பு போதுமா என்று பவளம் கேட்டால், அது யார் வீட்டுக் குழம்போ என்பதுபோல் பார்த்தான். பவளமும் அழவில்லை. தினமும் ஓர் அலமாரியைக் காலி செய்து துடைத்தாள். கேட்டால், சுத்தம் பண்ணுகிறேன் என்றாள்.

வான்மதிக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூட ஆபீசில் விலகல் படிவம் கொடுத்தாகவேண்டும். கொடுத்தால் டீச்சர் வகுப்பில் வைத்தே கேட்டுவிடுவாள். வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டின்போது பவளம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, ஊட்டுல வெச்சுச் சொன்னா ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்குவா. கதவு இல்லாத எடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போயிச் சொல்லிப்போடுங்க."

இப்படித்தான் அவர்கள் பிரேசோஸ் பெண்ட் ஸ்டேட் பார்க்குக்குப் போனார்கள். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். அங்கே கதவு இல்லை, முதலை இருந்தது.

ஹைவே ஐம்பத்தொன்பதில் போகும்போதே மணியன் மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். மொத்தம் பன்னிரண்டு வாக்கியம். தாய்நாடு, வேர், சொந்தபந்தம் எல்லாம் இருந்தது. வான்மதி என்ன கேட்பாள் என்று மூன்று கேள்விகளை ஊகித்துப் பதிலும் தயாரித்தான்: சைக்கிளை என்ன செய்வது, சிநேகிதி ரெபெக்காவை எப்போது பார்ப்பது, அங்கே ஏ.சி. உண்டா.

வாசலில் ரேஞ்சர் உடுப்புப் போட்ட பெண் ஒரு மஞ்சள் தாளைக் கொடுத்தாள். முதலைக்கும் உங்களுக்கும் நடுவே முப்பது அடி இருக்கட்டும். எந்த மிருகத்துக்கும் தீனி போடாதீர்கள். முதலை சீறினால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், மெதுவாகப் பின்னால் வாருங்கள். மணியன் அதை இரண்டு தடவை படித்தான். இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட எதையும் அவன் சமீபத்தில் படிக்கவில்லை.

குளம் பெரிதாக, அல்லி இலை மூடிக் கிடந்தது. ஓக் மரங்களில் சாம்பல் நிறப் பாசி, யாரோ துவைத்துப் போட்டு எடுக்க மறந்த துணிபோலத் தொங்கியது. வெள்ளைப் பறவைகள் வளைந்த மூக்கால் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. முதல் முதலை பாதையை ஒட்டிய புல்லிலேயே கிடந்தது. பத்தடி இருக்கும். அசையவில்லை. தொப்பி போட்ட ஒரு தடியர், இது பிளாஸ்டிக் என்று மனைவியிடம் பந்தயம் கட்டினார். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, ஜெயித்தது யார் என்று தெரியாமலே இருவரும் போய்விட்டார்கள்.

வான்மதி முப்பது அடியைக் காலால் அளந்து நின்று பார்த்தாள். பிறகு அம்மாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள்.

"சாகலையாமா" என்று பவளம் மணியனுக்குத் தெரிவித்தாள். "தெம்ப மிச்சம் பண்ணுதாமா."

மணியன் தலையாட்டினான். எதிரே பெஞ்சு இருந்தது. மூவரும் உட்கார்ந்தார்கள். பவளம் தக்காளிச் சோற்று டப்பாவைத் திறந்து, மணியனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பன்னிரண்டு வாக்கியத்தில் இரண்டுதான் வந்தது.

"அம்மிணி, மே மாசம் நாம கோபிக்குப் போறோம். திரும்பி வரமாட்டோம்."

நாலு வயதில் விட்டு வந்த கோபிசெட்டிபாளையத்தை வான்மதி அதற்குப்பின் இரண்டு லீவில்தான் பார்த்திருக்கிறாள். அவள் முதலையைப் பார்த்தாள். முதலை எதையும் பார்க்கவில்லை.

"ஓகே" என்றாள்.

மணியன் காத்திருந்தான். சைக்கிள் வரவில்லை. ரெபெக்கா வரவில்லை. ஏ.சி.யும் வரவில்லை. தயாரித்த பதில்கள் கையிலேயே இருந்தன. வான்மதி சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, உடையாததாகப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றாள். மூவரும் தக்காளிச் சோறும் சாப்பிட்டார்கள். பக்கத்து மரத்தில் ஒரு மரங்கொத்தி ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது, யாரும் திறக்கவில்லை. வேலை சுலபமாக முடிந்துவிட்டது என்று மணியன் தனக்குள் சொல்லிக்கொண்டான். சொன்னது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்துக் குளத்தைச் சுற்றி நடந்தார்கள். வான்மதி எண்ணிக்கொண்டே வந்தாள். பதினோராவது முதலை தாண்டி, தண்ணீருக்குமேல் மரப்பலகை போட்டிருந்த இடத்தில் நின்றாள். திரும்பி, அம்மாவை விட்டுவிட்டு, நேராக அவனைப் பார்த்தாள். அப்படிப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"அப்பா. வில் ஐ பி த ஸ்டுபிட் ஒன் தேர்?"

அங்கே போனால் நான்தான் மக்குப் பிள்ளையா என்று கேட்கிறாள். கேள்வி நன்றாகவே புரிந்தது. கோபியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கம் பக்கமாகத் தமிழ் படிப்பார்கள். வான்மதிக்குப் பன்னிரண்டு எழுத்து தெரியும், அதுவும் வரிசையாகச் சொன்னால். தமிழைக் காப்பாற்றும் வேலையில் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க மணியனுக்கு நேரம் இல்லாமல் போயிருந்தது.

ஆனால் பழக்கம் பழக்கம்தான். அவன் முகம் தானாகவே கேட்காத முகமாக மாறி, ஒரு கொக்கைப் பார்த்தது. பிறகு, தமிழாக்கம் வரட்டும் என்று பவளத்தைப் பார்த்தது.

"கேட்டுச்சல்ல உங்களுக்கு" என்றாள் பவளம். "இத நான் சொல்லமாட்டனுங்க. நீங்களே பேசிக்குங்க."

சொல்லிவிட்டுச் சோற்று டப்பாவோடு முன்னால் நடந்துவிட்டாள்.

வான்மதி மறுபடி கேட்கவில்லை. நாலு தடவை சொல்கிற வயது அவளுக்கு முடிந்திருந்தது. மரக்கைப்பிடியில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தாள். இப்போது பதில் போகாவிட்டால் இவள் இனி எந்த மொழியிலும் எதையும் கேட்கமாட்டாள் என்பது மணியனுக்குத் தெரிந்தது. மரத்துப்போன உடம்புக்குள் அது ஒன்று மட்டும் ஊசி முனைபோல் தெரிந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு" என்றான். "நீ கெட்டிக்காரி. ரெண்டே மாசத்துல எல்லாம் வந்துரும்."

வான்மதி பணிவாகத் தலையாட்டினாள். "ஓகே."

அந்தத் தலையாட்டலை அவன் எங்கேயோ பார்த்திருந்தான். அது அவனுடையது. ஆபீஸ் மீட்டிங்கில் ஆறு வருடமாக அவன் ஆட்டுகிற அதே தலை. எழுத்தில் அவன் ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்தால்தான் சிக்கல். யெஸ், நோ, ஐ வில் செக்: இந்த மூன்றை வைத்தே ஆறு வருடம் ஓட்டியிருந்தான். பக்கத்து மேசைக்காரன் அவனிடம் மட்டும் மெதுவாகவும் உரக்கவும் பேசுவான். அவன் நல்லவன், மணியனின் நன்மைக்காகத்தான் அப்படிப் பேசினான். இதையெல்லாம் பவளத்திடம்கூட மணியன் சொன்னதில்லை.

மணியன் முன்னும் பின்னும் பார்த்தான். பவளம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள். வேறு மனுஷர் யாரும் இல்லை. கைப்பிடியில் அவளுக்குப் பக்கத்தில் வந்து சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஹியர் ஐ ஆம் ஸ்டுபிட் ஒன்" என்றான். "இன் ஆபீஸ். சிக்ஸ் இயர்ஸ்."

வான்மதி மெதுவாகத் திரும்பினாள். அவன் முகத்தைக் கொஞ்ச நேரம், முதலையைப் பார்த்தது போலவே, இது நிஜமா என்று பார்த்தாள்.

"த ஸ்டுபிட் ஒன்" என்றாள்.

"த ஸ்டுபிட் ஒன்" என்றான் மணியன்.

"டஸ் இட் கெட் பெட்டர்?"

அவன் யோசித்தான். பொய் சொல்வதற்கு வேண்டிய ஆங்கிலம் அவனிடம் இல்லை.

"லிட்டில். லஞ்ச் டைம் இஸ் டிஃபிகல்ட். ஆல் ஆர் லாஃபிங், யூ டோன்ட் நோ வொய். ஆஃப்டர் தட், யூ ஆர் கெட்டிங் யூஸ்."

"யூ கெட் யூஸ்ட் டு இட்."

"யூ கெட் யூஸ்ட் டு இட்" என்று மணியன் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு முதல் நாள் மீட்டிங்கில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். நடந்து முடிந்த விஷயத்தை நடந்துகொண்டிருப்பதாகவே சொன்னான். வான்மதி ஒவ்வொரு இடத்திலும் திருத்தினாள். அவன் திருத்திச் சொல்லிவிட்டு மேலே சொல்லிக்கொண்டு போனான்.