சந்தனம் ஒட்டிய கும்பகர்ணன்

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அழுகுணி ஆடுகிறவர்களைப் பிடிப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டது.

பெயர் அறிவரசன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை. வயது ஐம்பத்திரண்டு. புராணக் கதையை வைத்து ஒரு போர்டு கேம் வந்துவிட்டால் போதும், ஆன்லைனில் வாங்கிவிடுவேன். பாற்கடல் கடைவது, இலங்கைக்குப் பாலம் கட்டுவது என்று வீட்டில் ஒன்பது பெட்டி இருக்கிறது. ஆடுவது நாலே பேர்: நான், மனைவி வளர்மதி, மகள் முத்தமிழ், அரியலூரிலிருந்து பஸ் ஏறி வரும் நண்பர் நல்லுசாமி. அவருக்கு சிமெண்ட் ஆலையில் லாரி எடை போடுகிற வேலை.

ஒருமுறை பாலம் கட்டும் ஆட்டத்தில் நல்லுசாமி வேட்டி மடிப்பில் ஒரு கல்லை ஒளித்து வைத்திருந்தார். பிடித்துவிட்டேன். அன்றைக்கே பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதினேன்: 'அழுகுணி ஆடுகிறவர் அந்த ஆட்டம் முடியும்வரை சும்மா உட்கார வேண்டும். வாயும் திறக்கக் கூடாது.' கீழே கையெழுத்து, தேதி. பக்கத்தில் கடை ரப்பர் ஸ்டாம்பும் குத்தினேன்.

"யோவ், ஒரு பிளாஸ்டிக் கல்லுக்கு இவ்ளோ பெரிய சட்டமாய்யா?" என்றார் நல்லுசாமி.

"சட்டம்னா எல்லாருக்கும்தான்" என்றேன். அப்படிச் சொன்ன வாய் இது.

இந்த வருஷம் எனக்குக் குறி பார்க்கிற டாரட் அட்டை மேல் ஆசை வந்தது. எந்தக் கட்டு வாங்குவது என்று இருபது நாள் யோசித்தேன். ஒன்றில் வெள்ளைக்கார ராணிகள் வாளோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்னொன்றில் எல்லாமே பூனை. மூன்றாவதில் நம் புராண ஆட்கள். போன் குழு ஒன்றில் கேட்டதற்கு, 'நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், கட்டே உங்களைத் தேர்ந்தெடுக்கும்' என்று ஒரு அம்மா பதில் போட்டார். அதையும் நம்பி தினமும் கடையில் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள்தான் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் புராணக் கட்டையே வாங்கினேன்.

எழுபத்தெட்டு அட்டை. எருமை மேல் எமன் இருந்த அட்டையைப் பார்த்ததும் வளர்மதி ஒரே பிடியாக நின்றாள்.

"ஏங்க, வூட்டுக்குள்ள எமனை வச்சுக்கிட்டு நான் எப்படிங்க விளக்கேத்துறது?"

அவரைக் கடை ட்ராயரில் ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் போட்டேன். ஆக எழுபத்தேழு.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் மெஷின், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் வளர்மதி பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். கவிழ்த்து வைத்திருந்த அட்டைக் கட்டுக்கும் தாராளமாகச் சந்தனம், மேலே குங்குமம். மறுநாள் துடைத்தேன். மேலே இருந்த அட்டையின் முதுகில் ஒரு மூலை மட்டும் மஞ்சளாகச் சொரசொரவென்று நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தேன். தூங்குகிற கும்பகர்ணன். கூட வந்த புத்தகத்தில் அதற்கு அர்த்தம்: 'இப்போது நகராதே. இருக்கும் இடத்திலேயே இரு.'

அந்த மாதக் கடைசியில்தான் முத்தமிழுக்கு வேலை உத்தரவு வந்தது. பேங்க் ஆபீசர். போஸ்டிங் கவுகாத்தி. திங்கட்கிழமைக்குள் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு வருஷமாகப் படி படி என்று அவள் உயிரை எடுத்தது நான்தான். ஆனால் மேப்பில் கவுகாத்தியைத் தேடிப் பார்த்தேன். பெரம்பலூரையும் அதையும் ஒன்றாகப் பார்க்க போன் திரையை எவ்வளவு சுருக்க வேண்டியிருந்தது! நான் சொல்ல முடியாததை அட்டை சொல்லட்டுமே என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேரும் கூடியதும் ஆரம்பித்தேன்.

"பாப்பா, உன் வேலைக்கு ஒரு அட்டை எடுத்துப் பாப்பமா?"

முத்தமிழ் அட்டைக் கட்டை என் பக்கம் தள்ளினாள். "எடுங்கப்பா. போலாமா, வேணாமா? அதான் கேள்வி."

கண்ணை மூடிக்கொண்டேன். சாமி கும்பிடுகிற மாதிரி உதட்டை வேறு அசைத்தேன். விரல் மட்டும் கட்டின் மூலைகளைத் தடவிக்கொண்டே போனது. சொரசொரப்பு தட்டுப்பட்டது. உருவினேன்.

"அடடா, கும்பகர்ணன்!" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "இருக்குற எடத்துலயே இருன்னு சொல்றாரும்மா."

முத்தமிழ் அட்டையை வாங்கி மூக்குக்கிட்ட கொண்டுபோனாள்.

"கும்பகர்ணன் சந்தனம் பூசிக்கிட்டாப்பா தூங்குறாரு?"

"தெய்வ வாக்குன்னா வாசனை வரும்மா."

"அது நான் வச்ச பொட்டுங்க" என்றாள் வளர்மதி.

முத்தமிழ் கட்டைக் கலைத்து, கண்ணை மூடி, தடவி, உருவினாள். கும்பகர்ணன். திரும்பவும் கலைத்து உருவினாள். கும்பகர்ணன்.

"மனுசன் எழுந்திரிக்கவே மாட்டேங்குறாரு. இன்னொரு தடவை எடுக்கவாப்பா?"

நல்லுசாமிக்கு முட்டி வலி. அவர் அலமாரிக்கு அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. பெட்டி மூடியை எடுத்துவந்து நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"சும்மா உட்கார வேண்டும். வாயும் திறக்கக் கூடாது. கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு. ஸ்டாம்பு வேற. தங்கச்சி, இந்த ஆள் எம் மடியைத் தடவிக் கல்லு எடுத்தாரும்மா, ஞாபகம் இருக்கா?"

"அப்ப உட்காருங்கப்பா" என்றாள் முத்தமிழ். "இது என் ஆட்டம்."

உட்கார்ந்தேன். சட்டம் நான் போட்டது, என்ன செய்ய?

அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பயமா இருக்காப்பா?"

பேசக் கூடாது. தலையை ஆட்டினேன்.

"எனக்குந்தான் இருக்கு. அதுக்குன்னு, எமனை ட்ராயர்ல போட்ட மாதிரி என்னையும் போட்டு மூடிடுவீங்களா?"

வளர்மதி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது. கண்ணைத் துடைக்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லாததால் துடைத்துக்கொண்டேன்.

முத்தமிழ் லேப்டாப்பை எடுத்து என் முன்னாலேயே சம்மதக் கடிதம் அடித்தாள். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை. சுட்டிக்காட்ட வாய் துறுதுறுத்தது. நல்லுசாமி மூடியைத் தூக்கிக் காட்டினார். பிழையோடேயே போய்ச் சேர்ந்தது கடிதம்.

ராத்திரி வளர்மதி "இப்பப் பேசலாங்க, ஆட்டம் முடிஞ்சிருச்சு" என்றாள். மறுநாள் கடையில் முத்தமிழின் சர்டிபிகேட் எல்லாவற்றையும் பன்னிரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்தேன். அவள் கேட்டது மூன்று.

அரியலூர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டு இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. முத்தமிழ் வீடியோவில் வருகிறாள். கவுகாத்தியில் தாயக்கட்டையை உருட்டி நம்பர் சொல்வாள், இங்கே அவள் காயை நான் நகர்த்துவேன். போன வாரம் பாலம் கட்டும் ஆட்டத்தில் அவளுக்கு ஐந்து விழுந்தது. நகர்த்தப் போனேன்.

"அப்பா, ஒரு நிமிசம். போனை இன்னும் கொஞ்சம் மேல தூக்கி வைக்கச் சொல்லுங்க நல்லுசாமி மாமாவை."

"ஏம்மா, போர்டு தெரியலையா?"

"போர்டு நல்லாத் தெரியுது. உங்க கையி தெரியல."