இறங்காத பந்துக்குக் கருத்து சொன்னவர்கள்

எட்வின் அடித்த பந்து இன்னும் இறங்கவில்லை என்பதால் மைதானத்தில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாகவே இருந்தது. ரோட்டைத் தாண்டினால் மற்ற கிழமைகள் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தன. பிலோமினா வியாழக்கிழமையிலிருந்து டிபன் கேரியரோடு கிளம்பி, ரயில்வே கேட்டைக் கடந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து, புருஷனுக்குச் சோறு ஊட்டிவிட்டுத் திரும்பிப் போவாள்.

எட்வின் பெனால்டி பாக்ஸுக்கு வெளியே நின்றான். வலது கால் காற்றில் தூக்கியபடி இருந்தது. பந்து இறங்கினால்தான் உதை முடியும். உதை முடிந்தால்தான் காலை இறக்க முடியும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எதிரணி கோல்கீப்பர் முனாஃப் கைகளை விரித்து அண்ணாந்தபடியே நின்றார். அவர் பஸ் கண்டக்டர். லீவெல்லாம் தீர்ந்துபோய், பஸ் இப்போது மைதானத்து ஓரமாக வந்து அவரிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறது.

"கழுத்து வலிக்குதா பாய்?" என்று பிலோமினா கேட்டாள்.

"வலிக்குதும்மா. ஆனா ஃபைனலாச்சே."

கவலை எட்வினின் இடது காலில் இருந்தது. கணுக்காலில் தொடங்கிய வெள்ளை முழங்காலுக்கு ஏறிவிட்டது. நடுவர் குப்புராஜ் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"பெயின்ட்டும்மா. கம்பமா மாறிட்டு வர்றாரு."

"இன்னா கம்பம் சார்?"

"கோல் கம்பம். கழுத்து வரைக்கும் ஏறிட்டா அப்புறம் நிரந்தரம். ஒரு கோலுக்கு ரெண்டு கம்பம் வேணும். இன்னொண்ணுக்கு யாரைக் கேக்கறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்."

அவர் பிலோமினாவின் உயரத்தைக் கண்ணால் அளந்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பந்துக்குக் கருத்து வேண்டும் என்பதைச் சலூன் தாமோதரன்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடிக்கும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. அண்ணாந்து பார்த்து அலுத்துப்போய், பக்கத்தில் நின்றவரிடம் முந்தின நாள் பார்த்த படத்தைப் பற்றிச் சொன்னார். "கடைசில வில்லன் செத்தான் பாரு, தியேட்டரே விசில் அடிக்குது. எனக்கு மட்டும் அந்தாளு பாவமா இருந்துச்சுப்பா. இத யார்கிட்ட சொல்றது?"

பந்து ஒரு தென்னை உயரம் இறங்கியது. இறங்கும்போது பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. சிலர் செருப்பைக் கழற்றினார்கள்.

அதற்குப் பிறகு கோயில் திருவிழா மைக்கைக் கொண்டுவந்து நடுவட்டத்தில் வைத்தார்கள். ஏரியாவே வரிசையில் நின்றது. ஆட்டோக்காரர் இருதயம் காமிக்ஸ் பற்றிச் சொன்னார். "நான் கதையெல்லாம் படிக்க மாட்டேன் சார். அதுல வர்ற குதிரைய மட்டும் பாப்பேன். வரையறவரு யாரோ, அவருக்குக் குதிரைங்கள்லாம் இன்னா நெனைக்கும்னு தெரிஞ்சிருக்கு." பந்து சரசரவென்று இறங்கிப் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. இருதயம் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற வரதராஜன் தலையணை மாதிரி ஒரு நாவலோடு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மானுட இருப்பின் அபத்தத்தை நுட்பமாக அவதானிக்கும் படைப்பு" என்றார். பந்து விருட்டென்று மேலே போய்க் கடுகாகிவிட்டது. எட்வினுக்கு வெள்ளை தொடைக்கு ஏறியது.

"யாரு கருத்து சார் இது?" என்றார் நடுவர்.

"பின்னட்டைல போட்டிருந்தது."

"நீங்க படிச்சீங்களா?"

"முப்பது பக்கம். தூக்கம் நன்னா வந்தது."

பந்து திரும்பவும் பூசணிக்காய் ஆனது. வரதராஜன் நாவலைத் தலைக்கு வைத்துப் புல்லில் படுத்து, அங்கேயே நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

இப்படி ஆளாளுக்குச் சொல்லி முடித்தார்கள். தன் கருத்தாக இருந்தால் பந்து இறங்கியது, கடன் வாங்கிய கருத்தாக இருந்தால் ஏறியது. ஊரில் இந்த ரெண்டில் எது எவ்வளவு புழக்கத்தில் இருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பந்து கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது. பாக்கி பிலோமினா ஒருத்திதான்.

அவளிடம் கருத்து கிடையாது. அதை அவளே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். படம் எப்படி என்றாலும், சீரியல் எப்படி என்றாலும், "எல்லாம் நல்லாதான் இருக்கு" என்பாள். எட்வின் ஒவ்வொரு மேட்ச் முடிந்தும் வீட்டு வாசலில் நின்று, "எப்படி ஆடினேன்?" என்று கேட்பான். "கை கால் கழுவிட்டு வா" என்பாள்.

பிறக்கும்போதே அவள் அப்படி இல்லை. எட்டாவது படிக்கும்போது ரேடியோவில் வந்த ஒரு பாட்டைப் பற்றி வீட்டில் எதையோ சொன்னாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மாமா புரையேறித் தண்ணீர் குடித்தார். அன்று வாயை மூடியவள்தான்.

மைக் அவள் முன்னால் வந்து நின்றது. தாமோதரன் சொன்னது ஞாபகம் வந்தது. "படத்துல வில்லன் செத்தது பாவமா இருந்துச்சு" என்றாள்.

பந்து காணாமல் போனது. கடுகு கூட இல்லை. எட்வினுக்கு வெள்ளை மார்புக்கு ஏறி, சட்டை நம்பர் அழிந்துபோனது. அவன் மெதுவாக, சுண்ணாம்பு உதிர்கிற குரலில் பேசினான்.

"உடு பிலோ. நான் கம்பமாவே இருந்துக்கறேன். ஞாயித்துக்கெழமை வந்து பாரு."

இந்த ஆளைக் கம்பமாக வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிலோமினாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பாட்டு இருக்கு. பாட்டு பேரு வேணாம். அதுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி பின்னால யாரோ இருமுவாங்க. வயலின் வாசிக்கிறவங்களா இருக்கும். அத அப்படியே உட்டுட்டாங்க. எனக்கு அந்தப் பாட்டுலயே அந்த இருமல்தான் புடிக்கும். அது வந்தாதான் அங்க நெசமாவே ஆளுங்க இருந்தாங்கன்னு தோணும்."

யாரும் சிரிக்கவில்லை.

முதலில் காற்று நின்றது. பிறகு வானத்தின் நடுவில் ஒரு புள்ளி வந்தது. புள்ளி தட்டானது, தட்டு அண்டாவானது. அண்டாவோடு நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். போன அளவிலேயே திரும்பி வரவேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பந்து இறங்க இறங்கப் பெரிதானது. மாதா கோயில் கோபுரத்தைவிடப் பெரிதானது. அதன் தையல்கள் ரயில்பாதை அகலத்துக்குத் தெரிந்தன. நிழல் மைதானத்தை மூடி, ரோட்டைத் தாண்டி வியாழக்கிழமையிலும் விழுந்தது. குளிர்ந்தது. புது மழை வாசனை அடித்தது. ஏரியா மொத்தமும் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றது. கடவுளே, என்றார் முனாஃப். அவர் கைகள் தாமாகவே இன்னும் அகலமாக விரிந்தன.

பிலோமினாவால் நிறுத்த முடியவில்லை.

"எட்டு மணி சீரியல்ல மாமியார்தான் சரியா பேசுது. எல்லாரும் அத திட்டறாங்க. அந்த மருமகளுக்கு ஒரு நாளாவது வெங்காயம் உரிக்கத் தெரியுதா?"

பந்து இறங்கியது. எட்வினின் சட்டை நம்பர் திரும்பி வந்தது.

"ஹீரோ மழைல ஆடினா அவருக்கு சளி புடிச்சுக்குமேன்னுதான் எனக்கு இருக்கும்."

வெள்ளை இடுப்புக்கு இறங்கியது. எட்வின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வருஷம் குடித்தனம் நடத்திய பெண்ணை அப்போதுதான் ரயிலில் எதிர் சீட்டில் பார்ப்பவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

"நான் எப்படி ஆடினேன் பிலோ?" என்றான்.



"நீ நல்லா ஆட மாட்ட" என்றாள் பிலோமினா. "லெஃப்ட்ல ஆள் சும்மா நிக்கிறப்போ நீ ரைட்ல இழுத்துனு போற. பாஸ் குடுக்கறதே இல்ல. அடிக்கும்போது தலைய தூக்கிடற, அதான் பந்து மேல போவுது. இதுவும் கோல் இல்ல. நீ அடிச்சப்பவே எனக்குத் தெரியும்."

அவன் அணியில் யாரோ அழுதார்கள். எட்வின் அழவில்லை. வெள்ளை முழங்காலுக்கு இறங்கிவிட்டது. பந்து தலைகளுக்கு மேலே, கையை நீட்டினால் தொடுகிற உயரத்தில் வந்து நின்றது. அதற்குமேல் இறங்கவில்லை. உள்ளே எங்கேயோ கடல் மாதிரி இரைந்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கும்மா" என்றார் நடுவர்.

பிலோமினாவுக்கும் அது தெரியும். அதைச் சொன்னால் ஊர் சிரிக்கும். முகம் சுட்டது. மைக்கை விட்டுவிட்டு எட்வினின் பக்கத்தில் போய் நின்றாள். ஆனாலும் அது எல்லோருக்கும் கேட்டது.

"நீ தோத்துட்டு வர்ற இல்ல, அப்போ ஒரு மாதிரி நடப்ப. பூட்ஸ கைல புடிச்சினு, வழில நாய்ங்கள தட்டிக்குடுத்துனு. ஜெயிச்சா அந்த நடை வராது. எனக்கு அந்த நடை புடிக்கும். மேட்ச் முடியற நேரத்துக்கு ஜன்னல்கிட்ட போய் நின்னுக்குவேன். தோத்துருக்கணும்னு வேண்டிக்குவேன். உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

பந்து நகர்ந்தது. அவ்வளவு பெரிய பந்து, ஒருவர் தலையையும் தொடாமல், கோல் கம்பத்துக்கு ஒரு விரல்கடை வெளியே போய், எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் தரையில் அமர்ந்தது. எட்வின் காலை இறக்கினான்.

குப்புராஜ் விசிலை ஊதினார். "கோல் இல்ல. கோல் கிக்! கீப்பர் உதைக்கணும்."

முனாஃப் கைகளை இறக்கிக் கழுத்தை நீவிக்கொண்டு, நாலு மாடி உயரப் பந்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஓடிவந்து உதைப்பதற்காகப் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். ரயில்வே கேட் வரை போயும் அவருக்கு இடம் போதவில்லை. எல்லோரும் பிரமித்துப்போய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிலோமினா மட்டும் பார்க்கவில்லை. எட்வின் குனிந்து பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தான்.