பருந்தனின் சிவப்புத் துணி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத நான் நினைக்கவே இல்லை. எழுத வேண்டியது இரண்டே வரி வசனம். அது வராததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2010 ஆனி மாதம் கம்பம் பஸ்ஸில் எனக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரே ஒரு தாள், ஓவியர் ஹக்கீம் வரைந்தது. ஆறு கட்டங்கள். ஐந்தில் பேச்சே இல்லை. ஆறாவதில் இரண்டு பேச்சுக் குமிழ்கள், இரண்டும் காலி. எங்கள் வழக்கம் இதுதான்: நான் தேனியிலிருந்து படக்கதைக்குக் கதை எழுதி அனுப்புவேன். ஹக்கீம் குமிழ்களைக் காலியாக விட்டுப் படம் போடுவார். வசனத்தை நான் பென்சிலில் எழுதித் திருப்பி அனுப்ப, அவர் மனைவி பாஜிலா அதன்மேல் மையால் எழுதுவார். பதிமூன்று வருஷம் அப்படித்தான் ஓடியது. ஆனால் இந்தத் தாளுக்கு நான் கதை அனுப்பவே இல்லை.

ஆறாவது கட்டத்தில் என்ன இருக்கிறது என்று இப்போது சொல்ல மாட்டேன். எதை எப்போது சொல்வது என்று தெரிந்தவன் நான்.

2

தொடக்கம் அ: தேனியில் மருந்துக் கடை வைத்திருந்த பொன்னுராஜ் ஒரு மாபெரும் —

(என்னைப் பற்றி நானே எழுதினால் இப்படித்தான் வரும். அடித்தாயிற்று.)

தொடக்கம் ஆ: மேற்கு மலைகளின்மேல் மேகங்கள் —

(எங்கள் பக்கத்துக் கதை எதுவும் மேகம் இல்லாமல் தொடங்கியதில்லை. இது ஒன்றாவது அப்படித் தொடங்கட்டும்.)

தொடக்கம் இ: 1996இல் என் கடைக்கு எதிரே ஒரு திராட்சைப் பெட்டி கிடந்தது. அதன் லேபிளில் ஒரு பருந்து.

இது நிற்கும். அந்தப் பருந்துக்குக் கோபம் இருந்தது. திராட்சை விற்க அவ்வளவு கோபம் தேவையே இல்லை. யார் வரைந்தது என்று விசாரித்துக்கொண்டு மறுநாளே கம்பத்துக்குப் போனேன். திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை ஹக்கீம், இருபத்தேழு வயது. மாடியில் வடக்குப் பார்த்து உட்கார்ந்து அடுத்த லேபிளை வரைந்துகொண்டிருந்தார். இதற்குக் கையும் காலும் வைத்து மனுஷனாக்க முடியுமா என்று கேட்டேன். டீ வருவதற்குள் ஆக்கிவிட்டார். முகமூடி, இடுப்பில் பட்டை, முதுகில் சிவப்புத் துணி. பருந்தன் பிறந்தான். மதுரையில் ஒரு பதிப்பாளர் மாதம் ஒரு புத்தகமாகப் போட்டார்.

நன்றாக ஓடியது. தமிழில் பறந்தவர்களில் எங்கள் ஆள் யாருக்கும் சளைத்தவன் அல்ல. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

3

ஆனால் அந்தத் துணி.

பருந்தனின் துணி எப்போதும் வலப்பக்கம்தான் பறக்கும். அவன் இடப்பக்கம் போனால் பரவாயில்லை. வலப்பக்கம் போனால்* துணி அவனை முந்திக்கொண்டு போகும், சில நேரம் மூஞ்சியையே மூடும். ஈரோட்டு வாசகர் ஒருவர், இவன் எப்படி வழி பார்க்கிறான் என்று கேட்டு எழுதினார்.

[* நாம் இடமிருந்து வலமாக வாசிக்கிறவர்கள். ஆகவே படக்கதை வீரர்கள் பெரும்பாலும் வலப்பக்கமாகத்தான் பறப்பார்கள். ஈரோட்டுக்காரர் அதிகம் சிரித்திருப்பார்.]

காரணம் ஹக்கீமின் மாடி. முதல் ஆடி மாதத்தில் பாஜிலா கொடியில் கட்டிக்கொடுத்த போர்வையைப் பார்த்துத்தான் அவர் துணி வரையப் பழகினார். வடக்குப் பார்த்து உட்கார்ந்தவருக்கு இடது கைப்பக்கம் கேரள மலை. காற்று அங்கேயிருந்துதான் வரும். போர்வை வலப்பக்கம் பறந்தது. அதற்கப்புறம் எந்த மாதம் வரைந்தாலும் அவர் பேனாவில் ஆடிக்காற்றுதான்.

நான் வாதாடிப் பார்த்தேன். பருந்தன் காற்றைவிட வேகமாகப் போகிறான், துணி பின்னால்தான் போகும் என்றேன். ஹக்கீம் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"நம்ம ஊர்ல தென்னையே கெழக்க சாஞ்சுதாண்ணே நிக்குது. இவன் மட்டும் எப்பிடித் தப்புவான்?" என்றார். பிறகு, "நீங்க பறந்து பாத்திருக்கீகளா?"

இல்லை. கம்பத்துப் பிள்ளைகள் மட்டும் கடிதமே போடவில்லை. முதுகில் துண்டைக் கட்டிக்கொண்டு கிழக்கே ஓடினால் துண்டு முன்னால் போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

4

2009இல் பதிப்பகத்துக்குப் புது ஆசிரியர் வந்தார். துணி சரியாகப் பறக்க வேண்டும், இல்லையென்றால் பருந்தனை வேறு ஓவியர் வரைவார் என்றார். அப்போது அச்சகத்தில் யாரோ ஒருவர் வெள்ளை மையை எடுத்து —

(யாரோ ஒருவர் என்று எழுதுவது எவ்வளவு எளிதாக இருக்கிறது.)

4, மறுபடியும்

நான்தான்.

2010 பங்குனியில் வந்த புத்தகம். பத்தொன்பது கட்டங்களில் ஹக்கீமின் துணியை வெள்ளை மையால் அழித்தேன், பின்பக்கமாக நானே வரைந்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பார், வேலை போய்விடும், அவருடைய நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே வசனம் எழுதிக்கொண்டேன். அதில் மட்டும் நான் கெட்டிக்காரன். புத்தகம் வந்தது. வாசகர் ஒருவரும் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் கம்பத்திலிருந்து பக்கங்கள் வரவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் போன் போட்டேன். பாஜிலா எடுத்தார்.

(முதல் வரைவில் இந்த இடத்தில் பாஜிலாவை அழ வைத்திருந்தேன். அவர் அழுகிற ஆள் இல்லை. மாற்றிவிட்டேன்.)

"அவுக பேச மாட்டேங்குறாக அண்ணே. பொஸ்தகத்தத் தொறந்து பாத்துட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாக. 'இது அண்ணன் கை'ன்னாக."

அச்சகத்துக்காரன் கை என்று அவர் நினைத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். பதிமூன்று வருஷம் என் பென்சில் கோட்டைப் பார்த்த கண். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

5

ஆடி முடிவதற்குள் ஹக்கீமின் பக்கங்கள் வராவிட்டால் வேறு ஓவியர் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். ஆகவே ஒரு முடிவு வேண்டும்.

முடிவு அ: நான் கம்பத்துக்குப் போகிறேன். பஸ் ஸ்டாண்டில் இருவரும் டீ குடிக்கிறோம். ஹக்கீம் சிரிக்கி —

(டீ குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது கதை எழுதுகிறவர்களின் மூடநம்பிக்கை.)

முடிவு ஆ: ஹக்கீம் சென்னைக்குப் போய்ப் பெரும்புகழ் பெறுகிறார். என்னை மறக்கிறார்.

(அவர் போகலாம். ஆனால் மறக்கிற ஆளாக இருந்தால் அந்தத் தாளை ஏன் அனுப்புகிறார்?)

6

இனி அந்த ஆறாவது கட்டம்.

என் மருந்துக் கடை. என் வழுக்கை, என் கண்ணாடி, காதில் என் பென்சில், கையில் வெள்ளை மைப் புட்டி. எதிரே பருந்தன் வலப்பக்கம் பார்த்து, அதாவது என்னைப் பார்த்து நிற்கிறான். சிவப்புத் துணி அவனுக்கு முன்னால் பறந்து வந்து, அதன் நுனி என் கைமேல் கிடக்கிறது. கடைக்குள் எங்கிருந்து காற்று வந்தது என்று கேட்க எனக்கு வாயில்லை. இவ்வளவு நல்ல துணியை அவர் இதற்கு முன் வரைந்ததில்லை.

என் தலைக்கு மேல் ஒரு குமிழ். பருந்தன் தலைக்கு மேல் ஒன்று.

இன்று காலை ஆசிரியருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். துணி ஹக்கீம் வரைகிறபடிதான் பறக்கும், ஓவியரை மாற்றினால் கதைக்கும் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. ஹக்கீமிடம் அதைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மன்னிப்புக்கு விலை பேசுகிற மாதிரி இருக்கும்.

பிறகு என் குமிழில் பென்சிலால் எழுதினேன்: "நான்தான் அழிச்சேன் தம்பி. ஒங்களக் கேக்காம அழிச்சேன்." நான் எழுதியதிலேயே சின்ன வசனம். பாஜிலா அதன்மேல் மையால் எழுதியாக வேண்டும், எழுத்து எழுத்தாக.

பருந்தனின் குமிழை நான் தொடவில்லை. அவன் சார்பில் பதிமூன்று வருஷம் பேசியாயிற்று. இந்த ஒரு முறை எனக்கு அந்த உரிமை இல்லை. நாலு மணிக் கம்பம் பஸ்ஸில் தாள் போகிறது. நீங்கள் ஹக்கீமாக இருந்தால் பருந்தன் என்ன சொல்வான்? குமிழ் சின்னது, ஒரு வரிதான் கொள்ளும். பென்சிலால் எழுதுங்கள்.