அம்சவள்ளி தேறாத பாடம்

மூன்றாவது முறையும் அம்சவள்ளி பதினாலுதான் எடுத்தாள். இருபதுக்குப் பதினாறு எடுத்தால் தேர்ச்சி. அன்று வெள்ளிக்கிழமை. திங்கள் காலை நான் சென்னையில் புது வேலையில் சேர வேண்டும், இங்கே வேலையிலிருந்து விடுவித்ததாகத் தரும் ரிலீவிங் லெட்டரோடு.

மரக்காணத்தில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில், ஆறு கம்ப்யூட்டர்களோடு நடக்கிறது எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஆன்லைன் பயிற்சிப் பாடங்கள் செய்து கொடுப்போம். உப்பள வெயிலில் கண் கூசுகிறதென்று எந்நேரமும் ஜன்னல்களில் திரை தொங்கும். அந்த அறையில் மூன்று வருஷம் உட்கார்ந்து, ஒருநாளும் லிஃப்டில் ஏறாத நான், லிஃப்டைப் பழுதுபார்ப்பது எப்படியென்று யார் யாருக்கோ படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தேன்.

போகிறேன் என்றதும் மேனேஜர் பக்தவச்சலம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

“உன் வேலையவே ஒரு கோர்ஸா போட்டுக் குடு, சகாயமேரி. உன் எடத்துக்கு வரப்போற அம்சவள்ளி அதுல பாஸாகட்டும். அன்னிக்கே லெட்டர் வாங்கிக்க.”

பத்தே நாளில் முடித்தேன். படிக்க வருகிறவருக்கு இப்போது என்ன தெரியும், முடித்துப் போகும்போது என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று முதலில் எழுதிக்கொண்டேன். பிறகு வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் திரையில் என்ன படம், என்ன குரல், எந்த இடத்தில் கேள்வி என்று வரிசைப்படுத்தினேன். கடைசியில் ஒரு தேர்வு. நான் செய்ததிலேயே நல்ல பாடம் அதுதான்.

அம்சவள்ளி மக்கு இல்லை. தற்காலிகமாக டைப்பிங்குக்கு வந்தவள். எதையும் இரண்டாம் தடவை கேட்கமாட்டாள். சந்தேகம் வந்து அவளுடைய பதிவைத் திறந்தேன். எந்த விடையை எப்போது தொட்டாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆறு கேள்விகளில் முதலில் சரியான விடையைத் தொட்டுவிட்டு, பிறகு தப்பானதற்கு மாற்றியிருந்தாள். மூன்று முறையும் அதே ஆறு.

பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

“பாஸாயிட்டா பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிட்டாருக்கா. ஒரிஜினல் மார்க்‌ஷீட்ட குடுக்கணுமாம். அடுத்த மாசம் டீச்சர் ட்ரெய்னிங் கவுன்சிலிங் இருக்குது. ஒரிஜினல் இல்லன்னா உள்ளயே விடமாட்டாங்க.”

முடியாதென்று சொல்ல வேண்டியதுதானே என்றேன். சொன்னால் அன்றைக்கே நிற்கச் சொல்லிவிடுவார் என்றாள். அவளுடைய அம்மா உப்பளத்தில் கூலி வேலை செய்கிறாள். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. நான் அப்படிக் கேட்டது தப்பென்று எனக்கே தெரியும். என் மார்க்‌ஷீட் மூன்று வருஷமாக மேனேஜர் பீரோவில்தான் கிடக்கிறது. கேட்கும்போதெல்லாம் சாவி வீட்டில் இருக்கிறது என்பார்.

“ஒரு மாசம் தள்ளிப் போயேன்க்கா” என்றாள்.

எனக்குத் திங்கட்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. மூன்றரை மணிக்குப் பாடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, தேர்ச்சிக்கு எண்பது விழுக்காடு என்றிருந்ததை எழுபதாக்கினேன்; இனி அவளுடைய பதினாலே போதும். பாவமென்று தெரிந்தேதான் செய்தேன். மேனேஜர் பட்டியலைப் பார்த்தார், அவள் பெயருக்கு நேரே தேர்ச்சி என்றிருந்தது. கால் மணி நேரத்தில் லெட்டரும் மார்க்‌ஷீட்டும் என் கைக்கு வந்துவிட்டன.

பையை எடுக்க வந்தேன். அம்சவள்ளி தேர்வை மறுபடி திறந்து, இருபது கேள்விக்கும் தப்பாகவே பதில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறை தேறியவர் பிறகு தவறினாலும் தேர்ச்சி போகக்கூடாது என்று, இரக்கப்பட்டு, நான்தான் அப்படி அமைத்திருந்தேன். இருபதுக்குப் பூஜ்யம் என்று வந்தது. அதற்கு மேலே பச்சை எழுத்தில், தேர்ச்சி. அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் முதல் கேள்வியை மறுபடி திறந்தாள்.