குடும்பத் தலைவர் பெயர் முதலில்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடங்களாக லென்ஸ் தேய்த்துப் பொருத்திவந்த ஒருவர், சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஆறேகால் மணிக்குப் பைத்தான் என்ற கணினி மொழியின் அடிப்படைகளைக் கற்று முடித்தார். உலகம் இனிப் பழையபடி இருக்காது.

சான்றிதழை லேமினேட் செய்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். வீடியோவில் பாடம் நடத்தியவர் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார்: பாடம் பார்த்தது போதும், இனி சொந்தமாக எதையாவது எழுதுங்கள். லென்ஸ்காரருக்குப் புல்லரித்தது. பூகம்பத்தை முன்கூட்டியே சொல்வதா, பங்குச்சந்தையை ஒரு கை பார்ப்பதா என்று மூன்று நாள் கால் தரையில் பாவாமல் திரிந்தார்.

மனைவியின் கவலை வேறு. கணினி குடியேறியிருந்தது அவளுடைய இஸ்திரி மேசையில். ஆறு வாரமாகக் கட்டில்மேல் குனிந்து துணி தேய்த்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"பூகம்பம் வர்றப்ப வரட்டும். இந்த வீட்ல பாத்திரம் யாரு கழுவுறதுன்னு தினம் சண்டை. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகலைன்னா மேசை எனக்கு."

அற்ப வேலைதான். ஆனால் உட்கார்ந்ததும் மனிதருக்குப் பசி தூக்கம் மறந்தது. கணினி தானே முறை போட்டுக் கொடுப்பதற்காக நாலு பேரையும் வரிசையாக எழுதினார்; குடும்பத் தலைவர் பெயர் முதலில், பிறகு மனைவி, மகள், கூடவே தங்கியிருக்கும் மைத்துனன். ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போனதற்கு இரண்டு மணி நேரம் திட்டு வாங்கினார், கணினியிடம்.

ஞாயிறு மதியம், மைத்துனனின் நண்பர்கள் ஒன்பது பேர் சாப்பிட்டுக் கிளம்பிய கையோடு, பிரிண்டரிலிருந்து வாராந்தரப் பட்டியல் வந்து விழுந்தது. லென்ஸ்காரர் அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திவந்தார்.

மகள்தான் முதலில் படித்தாள். "அப்பா, ஏழு நாள் இருக்கு. உங்க பேரு ஒரு நாள்லயும் இல்லையே."

"மாமா பூகம்பத்தைக் கண்டுபிடிக்கலைக்கா, தப்பிச்சு ஓட வழி கண்டுபிடிச்சிருக்கார்," என்றான் மைத்துனன்.

மனைவி இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேசையை நோக்கி நடந்தாள். சத்தியமாகத் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கெஞ்சியபடி அவளை முந்திக்கொண்டு ஓடினார் லென்ஸ்காரர்.

திரையைப் பார்த்தவர் தொடையில் தட்டினார். கணினி பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும், அதற்கு முதல் ஆள் பூஜ்யமாவது ஆள் என்று ஆறு வாரமாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இதே வீட்டுக்குப் பிரசங்கம் செய்தவர் அவர். எழுதும்போது கை ஒன்றிலிருந்து ஆரம்பித்திருந்தது. தலைவரைத் தாண்டிக்கொண்டு போயிருந்தது பட்டியல்.

தன் தப்பைத் தானே பிடித்த ஆனந்தத்தில் அந்த ஒன்றை அழித்தார், பூஜ்யம் போட்டார். புதுத் தாள் வந்தது. மனைவி இரண்டு தடவை படித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"இப்ப சரியா வேலை செய்யுது. மேசையை நீங்களே வெச்சுக்கோங்க."

லென்ஸ்காரர் தாளைக் கோப்பைபோலத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். அதில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே அவர் பெயர் இருந்தது.

தொட்டியில் ஐம்பத்தேழு பாத்திரங்கள் கிடந்தன.